சிட்டுவின் பேரில் ஓர் அர்ச்சனை

தையலம்மாளுக்கு ரத்தக் கொதிப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது, முட்டி வலிகூடக் கிடையாது. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு நோவு. அது பக்கத்து வீட்டில் குடியிருந்தது. பேர் செல்வகுமாரி.

செல்வகுமாரி அந்நியம் இல்லை, ஓரகத்திதான். சேலியமேடு மாரியம்மன் கோயில் தெருவில் அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துக்கொண்டு நடுவில் சுவர் வைத்தபோது, அண்ணன் பக்கிரிக்கு வாழ்க்கைப்பட்ட தையலம்மாள் கிழக்குப் பக்கமும், தம்பி அரிகரனுக்கு வாழ்க்கைப்பட்ட செல்வகுமாரி மேற்குப் பக்கமும் வந்தார்கள். நிலம் சரிபாதி. போர் மோட்டார் பொது. பாகூர் ஏரி நிரம்பினால் இரண்டு பேர் வயலுக்கும் தண்ணீர், நிரம்பாவிட்டால் இரண்டு பேர் கரும்பும் காயும். இப்படிச் சரிசமமாகப் பங்கு போட்ட பிறகும் ஆண்டவன் ஒன்றை மட்டும் மேற்குப் பக்கம் தூக்கி வைத்துவிட்டான். அதுதான் கோகிலா.

தையலம்மாள் பெற்றது விஜயராஜ். குறை சொல்ல முடியாத பிள்ளை. தவளக்குப்பம் ஜங்ஷனில் செல்போன் கடை வைத்திருக்கிறான், குடி கிடையாது, பெற்றவளை எதிர்த்துப் பேசமாட்டான். ஆனால் கோகிலாவும் அவனும் ஒரே வருஷத்தில் பிறந்து ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள். அவன் பழைய போன்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவள் படித்துப் படித்து, பெங்களூரில் விண்வெளிக்குக் கலம் அனுப்புகிற ஆபீசில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அதிலிருந்து தெருவுக்கு வருகிற ஆட்டோக்காரன்கூட, "ராக்கெட் வூடு எங்கம்மா?" என்றுதான் கேட்கிறான். அதைக்கூடத் தையலம்மாள் பொறுத்துக்கொள்வாள். அவள் வீட்டுக்குச் சிலிண்டர் கொண்டு வருகிறவன் ஒரு நாள், "ராக்கெட் வூட்டுக்குப் பக்கத்து வூடு நீங்கதான?" என்று கேட்டானே, அதை எப்படிப் பொறுப்பது? மூத்த மருமகளாக அந்தத் தெருவில் காலெடுத்து வைத்தவள், இப்போது இன்னொரு வீட்டுக்கு அடையாளம் சொல்ல உதவுகிறாள். கோகிலாவுக்குப் பொன்னாடை போர்த்த ஒரு முறை பெரிய மனிதர்கள் காரில் வந்தார்கள். வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்த தையலம்மாளைப் பார்த்து அவர்களில் ஒருவர், "கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்றார். வேலைக்காரி என்று நினைத்துவிட்டார். அவளும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

கோகிலாமேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கோகிலாவைப் பெற்றது தானில்லையே என்பதுதான் குடலைப் பிடுங்கியது. அந்தப் பெண்ணைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவளுக்கு அடுப்பில் ஏதாவது தீய்ந்துவிடும், எழுந்து உள்ளே போய்விடுவாள். அதனால் விஷயம் அவள் காதில் துண்டு துண்டாகத்தான் விழுந்திருந்தது. கோகிலாவின் கூட்டம் ஓர் இயந்திரத்தை வானத்தில் பறக்க விட்டிருக்கிறது. அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருக்கிறது. கோகிலா வைத்த செல்லப் பெயர் சிட்டு. இரண்டு வருஷமாக அது ஒரு வால் நட்சத்திரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. இவ்வளவுதான் தெரியும். தெரிந்தவரைக்கும் போதும் என்று அவள் வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

வேலை என்றால் சாபம். விளக்கு வைத்தபிறகு பின்பக்கம் பாத்திரம் கழுவப் போகும்போது வானத்தைப் பார்த்து, வாய்க்குள்ளேயே சொல்வாள்: "போற வழியில எதுலயாச்சும் மோதி சுக்குநூறாப் போவ. எலும்புகூடக் கெடைக்காமப் போவ." சாபத்திலும் அவள் நியாயம் பார்ப்பவள். "புள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. வேலைகூட இருக்கட்டும். அந்த வண்டி மட்டும் மோதணும்" என்று சேர்த்துக்கொள்வாள். கடைசியாக, "செல்வகுமாரி மூஞ்சியில ஈ ஆடக் கூடாது, தாயே" என்று முடிப்பாள். ஒரு மாதம் விடாமல் இந்தப் பூஜை நடந்தது.

ஆடி பிறந்தது. மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வீடு கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, வேப்பிலை கட்டிய குடத்தில் எடுத்துவந்து கோயில் வாசலில் இருக்கிற அண்டாவில் ஊற்ற வேண்டும். முதல் குடம் பக்கிரி குடும்பத்துடையது. அவர்கள் பாட்டன் காலத்தில் கோயிலுக்கு இடம் கொடுத்த குடும்பம். அந்தக் குடத்தை அந்த வீட்டு மூத்த மருமகள்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் முதல் ஆளாக வருவாள். வருஷத்தில் ஒரு நாள், அந்தக் கொஞ்ச தூரம், தையலம்மாள் முன்னால் நடப்பாள், செல்வகுமாரி பின்னால் வருவாள். ராக்கெட்டே விட்டாலும் அந்த வரிசை மாறாது. மற்ற நாளெல்லாம் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததே அந்த ஒரு நாளை நம்பித்தான்.

கோயில் பொறுப்பு பார்க்கிற நடேசன் தெருக் கூட்டத்தில் தொண்டையைச் செருமினார்.

"கூழ் வாக்கற ஞாயித்துக்கெழம காலையிலதான் நம்ம கோகிலாவோட சிட்டு வால் நட்சத்திரத்துல மோதப்போவுது. பத்து மணிக்கு நேரடியாக் காட்றாங்களாம். கோயில் வாசல்லயே திரை கட்டிடலாம். கரெக்டா மோதிடுச்சின்னா நம்ம தெருவுக்கே பெருமை. அதனால இந்த ஒரு வருஷம் மொதல் கொடத்த செல்வகுமாரி எடுக்கட்டும். இன்னா சொல்றீங்க?"

எல்லோரும் தலையாட்டினார்கள். தையலம்மாளுக்கு முதலில் குடம் விஷயம் மண்டையில் ஏறவே இல்லை. அதற்கு முன்னால் சொன்ன வார்த்தையிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாது? மோதப்போவுதா?"

"பின்ன? மோதறதுக்குத்தான போயிருக்குது" என்றார் நடேசன்.

"மோதுனா ஒடைஞ்சிடாது?"

"ஒடையத்தான் செய்யும். அதான் வெற்றி."

தையலம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். "மோதலன்னா?"

"மோதலன்னா வழக்கம்போல நீயே எடு. ஆனா மோதாம எங்க போவப்போவுது?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் விஜயராஜைப் பிடித்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணும்னே கொண்டுபோய் மோதுவாங்களாடா? அறிவில்ல?"

"வால் நட்சத்திரத்துக்கு உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்கணும்லம்மா. தேங்காய ஒடைச்சாத்தான நல்லதா அழுவலான்னு தெரியும்? பெரிய கலம் ஒண்ணு தள்ளி நின்னுக்கும். சிட்டு அதோட வயித்துல இருந்து எறங்கி, போயி மோதும். அப்ப கெளம்புற தூசியப் பெரிசு படம் புடிச்சி அனுப்பும்."

"சிட்டு?"

"தூள்" என்றான் விஜயராஜ், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு.

தையலம்மாளுக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. ஒரு மாதம். மழை பெய்த நாளில்கூடத் தவறாமல், பெற்றவளைவிட உருக்கமாக, செல்வகுமாரி மகள் ஜெயிக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள். தன் வாயைத் தானே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

"ஏன்டா, அது தவறிப் போறதுக்கும் வழி இருக்குதா?"

"நெறைய இருக்குது. ஓடற பஸ்ல இருந்து எதுத்தாப்ல வர்ற பஸ் ஜன்னலுக்குள்ள புளியங்கொட்டைய எறியற மாதிரி வேலைம்மா அது. கொஞ்சம் தப்புனாலும் பக்கத்துலயே போய்டும். அப்புறம் போய்க்கினே இருக்க வேண்டியதுதான்."

தையலம்மாளுக்கு முகம் தெளிந்தது. "இன்னொரு அப்பளம் வைக்கட்டா?" என்றாள்.

மறுநாளிலிருந்து வேண்டுதலைத் திருப்பிப் போட்டாள். மோதக் கூடாது, அடிபடக் கூடாது, அது நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். சாபம் கொடுத்த வாய்க்கு வாழ்த்து கொஞ்சம் வராமல் முரண்டு பிடித்தது, பழக்கிக்கொண்டாள். ஆனால் ஒரு மாதத்துச் சாபத்தைப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று சொல்கிற வாழ்த்தால் ஈடுகட்ட முடியுமா? முறையாக அர்ச்சனை செய்ய வேண்டும் என்று பட்டது. பாகூர்க் கோயிலில் அவளைத் தெரியாதவர் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை காலையில் தேங்காய் பழத்தோடு பஸ் மாறி வில்லியனூருக்குப் போய், திருக்காமீசுவரர் சன்னதியில் வரிசையில் நின்றாள்.

"பேரு?" என்றார் குருக்கள்.

"சிட்டு."

"நட்சத்திரம்?"

சிட்டு புறப்பட்ட அன்றைக்குச் செல்வகுமாரி காலண்டரைப் பார்த்து, நட்சத்திரத்தையும் சொல்லி, நல்ல நாள் என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்திச் சொன்னது நினைவிருந்தது. பொறாமைக்காரிக்கு எதுவும் மறக்காது. "பூராடம் சாமி" என்றாள்.

"குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. தூரமாப் போயிருக்குது. எதுலயும் மோதாம, மேல ஒரு கீறல் படாமப் போவணும் சாமி."

"க்ஷேமமாத் திரும்பி வரணும்னு சொல்லுங்கோ."

தையலம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். திரும்பி வந்தால் அதற்கும் செல்வகுமாரிக்கு ஒரு பொன்னாடை போர்த்திவிடுவார்கள். "திரும்பில்லாம் வர வேணாம் சாமி. அது பாட்டுக்குப் போய்க்கினே இருந்தாப் போதும்."

குருக்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். அவள் கண்ணை மூடி, உருகி, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினால், பின்னாலேயே சின்னபொண்ணு நிற்கிறாள். அதே தெரு. மகளுக்கு வரன் தகையவில்லை என்று வெள்ளிக்கிழமை தோறும் வில்லியனூருக்கு வருகிறவள். ஒரு சேதியை அவள் காதில் போட்டால் போதும், தெருமுனை மைக் செட்டுக்கு வேலை இருக்காது.

"யக்கா," என்றாள் சின்னபொண்ணு. அவள் கண்ணில் தண்ணீர். "கோகிலாவோட சிட்டுவுக்கா அர்ச்சன பண்ண?"

தையலம்மாள் மறுபடியும் சன்னதிப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆனா யக்கா, அது மோதி ஒடையத்தான போவுது? நடேசன் மாமா அன்னிக்குச் சொல்லிச்சே."

ஏதாவது சொல்லியாக வேண்டும். சொன்னாள். "தெரியும் சின்னபொண்ணு. தெரிஞ்சும் மனசு கேக்கல. எவ்ளோ நாளா வளத்தது. அடிபடப் போவுதுன்னு நெனச்சாலே வயித்த இன்னாமோ பண்ணுது."

கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. சின்னபொண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னப் போயி இந்தத் தெரு தப்பாப் பேசுதே" என்றாள். தெருவில் இப்படி ஒரு பேச்சு இருக்கிறது என்பதே தையலம்மாளுக்கு அப்போதுதான் தெரியும்.

பஸ் சேலியமேட்டுக்கு வந்து சேருவதற்கு முன்பே சேதி வந்து சேர்ந்துவிட்டது. அன்று பொழுது சாய செல்வகுமாரி அவள் வாசற்படி ஏறினாள். ஏறி எவ்வளவோ நாளாயிற்று. கையில் ஒரு கிண்ணம், அதில் கொழுக்கட்டை.

"சின்னபொண்ணு சொல்லிச்சிக்கா."

தையலம்மாள் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "அது ஒரு ஓட்ட வாய்."

செல்வகுமாரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "கோகிலாகிட்ட போன்ல சொன்னன். சந்தோசப்பட்டா" என்றாள். கிண்ணத்தை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

பைத்தியக்காரி, நம்பிவிட்டாள். தையலம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. படித்த பெண்ணைப் பெற்று என்ன பிரயோஜனம், சூதுவாது தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு ஒரு கொழுக்கட்டையைப் பிட்டு வாயில் போட்டாள். பதம் அப்படிப் பிரமாதமாக இருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் வாசலில் திரை கட்டியது விஜயராஜ்தான். புரொஜெக்டர், ஸ்பீக்கர் எல்லாம் அவன் ஏற்பாடு. பெற்ற பிள்ளையே எதிரிக்குப் பந்தல் போடுகிற கொடுமையைப் பார்த்துக்கொண்டு தையலம்மாள் வேப்பமரத்தடியில் நின்றாள். அவளுடைய குடத்தில் கூழ் தயாராக இருந்தது, செல்வகுமாரியுடைய குடத்திலும் இருந்தது. எது முன்னால் போகும் என்பது மட்டும் வானத்தில் இருந்தது.

திரையில் பெங்களூர் ஆபீஸ் தெரிந்தது. வரிசையாகக் கம்ப்யூட்டர், வரிசையாகத் தலைகள். ஒரு கணம் கோகிலா வந்தாள், காதில் மாட்டிய மைக்கோடு, நகத்தைக் கடித்துக்கொண்டு. தெருவே விசிலடித்தது. பிறகு சிட்டு அனுப்புகிற படம் வந்தது. கறுப்புக்கு நடுவில் ஒரு பொட்டு. பொட்டு அவரைக்கொட்டை ஆயிற்று, அவரைக்கொட்டை மண் ஒட்டின கருணைக்கிழங்கு ஆயிற்று.

"தள்ளு தாயே, தள்ளு, தள்ளு" என்று தையலம்மாள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

விஜயராஜ் பக்கத்தில் வந்து, "நாம பாக்கறது இப்ப நடக்கறது இல்லம்மா. அவ்ளோ தூரத்துல இருந்து படம் வந்து சேர நேரம் ஆவும். மோதறதோ தவறுறதோ அங்க எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றான்.

"வாய மூட்றா. சாமிக்கு அந்தக் கணக்கெல்லாம் கெடையாது."

அப்போது திரையில் கருணைக்கிழங்கு மெல்ல ஓரமாக நகர்ந்தது. பெங்களூரில் ஒருத்தர் எழுந்து நின்றார். தெருவில் சத்தம் அடங்கியது. செல்வகுமாரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தையலம்மாள் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள். போகிறது, தவறுகிறது, வில்லியனூர்க்காரன் கைவிடவில்லை! இன்னும் ஒரு விரல்கடை நகர்ந்தால் போதும். ஆனால் சிட்டு தன்னைத்தானே திருப்பிக்கொண்டது. கிழங்கு மறுபடியும் நட்டநடுவில் வந்து நின்றது. அதில் பாறைகள் தெரிந்தன, பாறைகளின் நிழல் தெரிந்தது, ஒரு பள்ளம் விரிந்துகொண்டே வந்தது. அப்புறம் திரை வெறும் சாம்பல் நிறமாக நின்றது.

பெங்களூர் ஆபீசே துள்ளிக் குதித்தது. அடுத்து, தள்ளி நின்ற பெரிய கலத்தின் படம் வந்தது. கிழங்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வெளிச்சம், அதிலிருந்து விசிறி போலக் கிளம்புகிற தூசி. மேளக்காரர்கள் யாரும் சொல்வதற்குக் காத்திராமல் அடிக்க ஆரம்பித்தார்கள்.

போயிற்று. குடமும் போயிற்று. தையலம்மாள் தன் குடத்தின் வேப்பிலையைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். நிமிர்ந்தால் யார் முகத்தைப் பார்ப்பது?

கொஞ்ச நேரத்தில் செல்வகுமாரியின் போன் அடித்தது. கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. "சொல்டி என் தங்கம்!" என்று கத்தியவள், அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டதும் அமைதியானாள். "இங்கதான் இருக்குது. குடுக்கறன்" என்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்து போனை நீட்டினாள். "உங்கிட்டதான் பேசணுமாம்."

தையலம்மாள் போனை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் போனாள்.

"பெரியம்மா." கோகிலாவின் குரல் கரகரத்தது. "சிட்டுவுக்கு அர்ச்சன பண்ணியாமே."

"ஆமாண்டி."

"இங்க எல்லாரும் கட்டிப் புடிச்சிக்கினு ஆடறாங்க. நான் பாத்ரூம்ல நின்னுக்கினு பேசறன். எனக்கு அழுகை நிக்கல பெரியம்மா. தெனம் காலைல நான்தான் அத எழுப்புவன். குளுருல நடுங்குதான்னு பாத்துப் பாத்து சூடு வச்சன். இன்னைக்கு நானே கொண்டுபோயி மோத வுட்டுட்டன். கடைசியா அது லேசா வெலகுச்சி பாரு, அப்ப எல்லாரும் பயந்தாங்க. எனக்கு மட்டும் ஒரு நொடி, போய்டு சிட்டு, தப்பிச்சிப் போய்டுன்னு தோணுச்சி. இத யாராண்ட சொல்ல முடியும்? வேலைய வுட்டே தொரத்திடுவாங்க. அது பொழைக்கணும்னு இந்த ஒலகத்துல நெனச்சவ நீ ஒருத்திதான்."

"அடியே, நான் வந்து..." என்று தையலம்மாள் ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் பெரியம்மா. சும்மா கொஞ்ச நேரம் லைன்ல இரு. போதும்."

அந்தப் பக்கம் அந்தப் பெண் விம்மி விம்மி அழுதது. இந்தப் பக்கம் தையலம்மாளுக்கும் கண்ணிலிருந்து கொட்டியது. தோற்றதற்காகக் கொட்டியதா, வெட்கத்தில் கொட்டியதா, அந்தப் பிள்ளை அழுகிறதே என்று கொட்டியதா, பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. கடைசியில் கோகிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மொதல் கொடத்த நீதான் எடுக்கணும். அம்மாகிட்ட சொல்லிட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

முன்பக்கம் வந்து போனைத் திருப்பிக் கொடுத்தபோது செல்வகுமாரி அவள் ஈரக் கன்னத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தையலம்மாளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வருஷம் தான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த பார்வை அது. பெற்ற மகள் ஜெயித்த நாளில் பெற்றவளிடம் அழாமல் இன்னொருத்தியிடம் அழுதிருக்கிறாள். செல்வகுமாரிக்கு எரிகிறது! சத்தியமாகச் சொன்னால், அந்த ஒரு நிமிஷம் தையலம்மாளுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

நடேசன் கூப்பிட்டார். "செல்வகுமாரி, நேரம் ஆவுது. கொடத்த எடும்மா."

"மூத்தவ இருக்கறப்ப நான் எதுக்கு மாமா? அக்காவே எடுக்கட்டும்" என்றாள் செல்வகுமாரி.

தெரு மெய்சிலிர்த்துப் போயிற்று. குடத்தைத் தூக்கித் தையலம்மாளின் இடுப்பில் வைத்தார்கள். மேளம் முன்னால் போக, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் கோயிலுக்கு வர வேண்டும். அவள் முதல் ஆளாக நடந்தாள், செல்வகுமாரி அடுத்த குடத்தோடு பின்னால் வந்தாள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. கோகிலாவும் கிடைத்தாள், குடமும் கிடைத்தது.

"இன்னா மனசுடி அதுக்கு. ஒரு இரும்புக்குப் போயி அர்ச்சன பண்ணியிருக்குது பாரு" என்றாள் ஒருத்தி.

"அதான் புள்ள தேடிப் புடிச்சிப் பேசுது" என்றாள் இன்னொருத்தி.

ஒவ்வொரு பேச்சும் முள்ளாகக் குத்தியது. யாரைச் சொல்கிறார்கள்? வில்லியனூரில் சிட்டுவுக்காக உருகி நின்றவளை, தெரிந்தும் மனசு கேட்காதவளைச் சொல்கிறார்கள். கோகிலா தேடியதும் அவளைத்தான், இந்தக் குடம் வந்ததும் அவளுக்குத்தான். அப்படி ஒருத்தி இந்தத் தெருவிலேயே கிடையாது. இல்லாத அந்த மகராசிமேல் தையலம்மாளுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. சுமக்கிறது நான், மரியாதை அவளுக்கா? இதைவிட, தோற்றுப்போய்ப் பின்னால் நடந்திருந்தால் அந்தத் தோல்வியாவது தன்னுடையதாக இருந்திருக்கும்.

தெரு திரும்புகிற இடத்தில் மேளக்காரர்கள் நின்று வாசித்தார்கள். அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது. தையலம்மாள் திரும்பினாள்.

"செல்வி."

"இன்னாக்கா?"

"நான் மனசு கேக்காமல்லாம் அர்ச்சன பண்ணல. அது தவறணும், நீ தல குனியணும்னுதான் பண்ணன்."

"தெரியும்க்கா" என்றாள் செல்வகுமாரி.

தையலம்மாளின் இடுப்பில் கூழ் தளும்பியது. "தெரியுமா?"

"உன்ன எனக்குத் தெரியாதா? சின்னபொண்ணு வந்து சொன்ன ஒடனே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டி புள்ளகிட்ட அப்டி சொன்ன?"

செல்வகுமாரி குடத்தை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். "போன மாசம் போன்ல அழுதுச்சிக்கா. அம்மா, அத ஒடைக்கப் போறமேன்னு. நான் சிரிச்சிட்டன். இரும்புக்குப் போயி அழுவறியேடி, ஜெயிக்கப் போறல்லன்னேன். அப்புறம் அந்தப் பேச்சே அது எங்கிட்ட எடுக்கல. நல்லா இருக்கறன், நல்லா இருக்கறன்னுச்சி. கொரலு நல்லா இல்ல. அதுக்கு அழுவ ஒரு மனுசி வேணும். நான் அந்த எடத்தக் கெடுத்துக்கினேன். நீயாச்சும் இருந்துட்டுப் போயேன்னு சொன்னன்."

அவள் வலி இல்லாமல் கொடுத்திருக்கவில்லை. அந்தப் பார்வையில் இருந்த எரிச்சல் நிஜம்தான். எரிந்துகொண்டேதான் போனைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள், எரிந்துகொண்டேதான் குடத்தையும் கொடுத்திருக்கிறாள்.

இதுவரை செல்வகுமாரியிடம் தையலம்மாள் பொறாமைப்பட்டதெல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாக வந்தது. மகள், பொன்னாடை, ஆட்டோக்காரன், கொழுக்கட்டை. அவையெல்லாம் கிடைக்காமல் போனவை. இது அப்படி இல்லை. இப்படி ஒரு காரியத்தைச் செய்யவிடாமல் யாரும் தன்னைத் தடுத்திருக்கவில்லை. தன் இடத்தில் செல்வகுமாரியும், செல்வகுமாரி இடத்தில் தானும் இருந்திருந்தால் அந்தப் போன் கைமாறியிருக்காது, செத்தாலும் மாறியிருக்காது. அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்த மனசும் இவளுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று நினைத்தபோது, அவள் வயிறு எரிந்த எரிச்சலில் முன்பு எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

மேளம் நகர ஆரம்பித்தது.

"நடக்கா," என்றாள் செல்வகுமாரி. "பின்னாடி எல்லாரும் நிக்கறாங்க."